வந்தது மாமாவா, பையனா?

"நேற்று வந்த மாமாவின் பையனைப் பார்த்தேன்" என்று போனில் சொன்னேன். "வந்தது மாமாவா, பையனா?" என்று கேட்டாள் தங்கை. இரண்டுக்குமே இலக்கணம் இடம் கொடுக்கிறது. நமக்கு ஒரு கேள்வியோடு போயிற்று. கம்ப்யூட்டருக்கு இது பெரிய தலைவலி.

1960-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் சுசுமு குனோவும் ஆந்தனி ஓட்டிங்கரும் ஆங்கில வாக்கியங்களை இலக்கணப்படி பிரித்துப் பார்க்கும் புரோகிராம் எழுதினார்கள். அதற்கு 'டைம் ஃபிளைஸ் லைக் அன் ஆரோ' என்று கொடுத்தார்கள். காலம் அம்புபோல் பறக்கிறது, அவ்வளவுதானே? மெஷின் விடவில்லை. 'டைம்' என்ற ஜாதி ஈக்களுக்கு அம்பு பிடிக்கும்; அம்பின் வேகத்தை அளப்பதுபோல ஈக்களின் வேகத்தை அள! இப்படியும் சொன்னது. சிரிப்பு வரும், ஆனால் இலக்கணப்படி தப்பே இல்லை. 1966-இல் ஆல்பாக் அறிக்கை வந்து, அமெரிக்காவில் மெஷின் மொழிபெயர்ப்புக்கான பணம் பெருமளவு நின்றுபோனது.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. எல்லா வழிகளையும் தனித்தனியே முயன்றால் நீண்ட வாக்கியத்தில் கணக்கு கட்டுக்கடங்காமல் போய்விடும். கார்னகி மெலனில் ஜே எர்லி 1968-இல் ஆய்வேட்டில் ஒரு முறை சொன்னார். ஒவ்வொரு சொல்லிலும், எந்தெந்த விதி எங்கே தொடங்கி எதுவரை வந்திருக்கிறது என்று அட்டவணையில் குறித்துவை. ஒருமுறை குறித்ததை மறுபடி போடாதே. வாக்கியம் இரு மடங்கானால் வேலை அதிகபட்சம் எட்டு மடங்குதான். (இந்த எர்லி பின்னாளில் மனநல ஆலோசகராகிவிட்டார். மனிதர்கள் சொல்வதற்கும் இரண்டு அர்த்தம் உண்டல்லவா!)

1980-களில் அதே இடத்தில் மசாரு டொமிடா செய்தது எனக்கு ரயிலை நினைவூட்டும். விழுப்புரத்தில் கார்டு லைனும் மெயின் லைனும் பிரிகின்றன. ஒன்று விருத்தாசலம் வழி, ஒன்று தஞ்சாவூர் வழி. திருச்சியில் சேர்ந்தபின் மதுரைக்கு இரண்டு தனிப் பாதை எதற்கு? அர்த்தம் பிரியும் இடத்தில் அவர் முறையும் கிளை பிரியும். ஒரே நிலைக்கு வந்ததும் கிளைகள் சேர்ந்துவிடும். எல்லா அர்த்தங்களும் ஒரே வரைபடத்தில் அடங்கும்.

அதில் எது சரி என்பதை மட்டும் இலக்கணம் சொல்லாது. வந்தது பையன்தான், மாமாவுக்கு முட்டி வலி.