நாடிழப்பு மட்டுமா? அனா மெண்டியேட்டாவின் ஹருகோ சிற்பங்களை முன்வைத்து

கியூபாவில் பிறந்த கலைஞர் அனா மெண்டியேட்டாவைப் பற்றி எழுத முனையும் எவரும் ஜேன் பிளாக்கர் 1999இல் வெளியிட்ட 'எங்கே அனா மெண்டியேட்டா?' என்ற நூலுக்குப் பதில் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. மண்ணில் பெண்ணுருவைப் பதித்தவர் என்பதாலேயே அவரைப் பெண்மைக்கு மாறாத சாரம் ஒன்று உண்டென நம்பும் சாரவாதி என்று ஒதுக்கிவந்த விமர்சனத்துக்கு அந்நூல் தந்த மறுப்பு இன்றும் செல்லும். பெண், பூமி, நாடு யாவும் திரும்பத் திரும்ப நிகழ்த்தப்படுவதால் உருவாகிறவை என்பது பிளாக்கரின் வாதம். அதில் எனக்கு உடன்பாடே. நாடிழப்பை அவருடைய படைப்பு முழுவதற்கும் திறவுகோலாக்கி, எங்கும் சேராத இடைநிலையில் அவரை நிறுத்திவிடும் அடுத்த படியில்தான் மாறுபடுகிறேன். அப்படி நிறுத்தினால் 1973க்கும் 1981க்கும் இடையே அவர் நடந்துவந்த தூரம் கண்ணில் படாமல் போகிறது.

1961இல், பன்னிரண்டு வயதில், 'பீட்டர் பான்' திட்டத்தின்கீழ் அக்காவோடு கியூபாவிலிருந்து அனுப்பப்பட்டு அயோவா மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். பெற்றோரின்றி அமெரிக்கா சேர்ந்த பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட சிறார்களில் ஒருவர். அந்தத் துயரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் ஒருவர் துயரப்பட்டார் என்பதற்கும் அவர் படைத்ததெல்லாம் அத்துயரத்திலிருந்தே பிறந்தது என்பதற்கும் நடுவே நிரப்பப்பட வேண்டிய சான்றுகள் நிறைய உண்டு.

தம் உடலின் உருவை நிலத்தில் பதித்த 'சிலுயெட்டா' தொடரின் தொடக்கமாகக் கருதப்படும் 1973ஆம் ஆண்டுப் படத்தையே எடுத்துக்கொள்வோம். மெக்சிகோவின் வாஹாக்கா பகுதியில் உள்ள யாகுல் என்ற சபோடெக் தொல்லிடம். திறந்து கிடக்கும் கல்லறைக் குழியில் ஆடையின்றி மல்லாந்து படுத்திருக்கிறார். முகமும் மார்பும் தெரியாதபடி வெண்பூக்கள் மூடியிருக்கின்றன. பச்சைக் காம்புகள் உடம்பிலிருந்தே முளைத்தெழுந்தவைபோல நிற்கின்றன. புல் மண்டிய அந்தக் கல்லறை தமக்குக் காலத்தை நினைவூட்டியதாகவும், சந்தையில் பூ வாங்கிவந்து படுத்ததாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். காலமும் வரலாறும் தம்மை மூடுவதே அங்கு அவர் நினைத்த ஒப்புமை. அந்த விளக்கத்தில் கியூபாவின் பெயர் இல்லை.

தாய்நாட்டிலிருந்து பிய்த்தெறியப்பட்டதன் நேர்விளைவே தம் கலை என்று அவர் கூறும் புகழ்பெற்ற குறிப்பு, பொதுவாக 1981ஐ ஒட்டி வைக்கப்படுவது. அதற்குள் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்து, கியூபாவுக்கும் போய்வந்துவிட்டார். பின்னால் வந்த அந்த விளக்கத்தை முந்தைய எட்டாண்டுகளின் மேல் போர்த்துவது வரலாற்று முறையாகாது. மெக்சிகோவுக்குச் சென்றதை மூலத்துக்குத் திரும்பியதாக அவர் சொன்னதுண்டு. அது பிளாக்கர் பக்கம் சாயும் சான்று, மறைக்க மாட்டேன். காலவரிசையிலும் சிக்கல் இருக்கிறது. அருங்காட்சியகங்களில் நாம் காணும் அச்சுகள் பல, அவர் இறந்தபின் 1991இல் எடுக்கப்பட்டவை. '1973–77/1991' என்ற இரட்டை ஆண்டுக் குறிப்பை வைத்து, எந்த உருவுக்குப் பின் எது வந்தது என்று உறுதிசெய்ய இயலாது.

திருப்பம் 1980இல் நிகழ்கிறது என்பது என் கருத்து. அவ்வாண்டு நியூயார்க்கின் பெண் கலைஞர் கூட்டுறவான ஏ.ஐ.ஆர். கலைக்கூடத்தில், கசுகோ மியாமோட்டோவோடும் அலிகாரில் பிறந்த ஜரீனாவோடும் சேர்ந்து, அமெரிக்காவின் மூன்றாம் உலகப் பெண் கலைஞர்களுக்கான கண்காட்சியை அமைத்தார். அமெரிக்கப் பெண்ணியம் அடிப்படையில் வெள்ளை நடுத்தர வர்க்க இயக்கமாக இருந்தது என்று அதன் முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதினார். அதைவிட எனக்கு முக்கியம் அதன் முடிவு: 'மற்றவராக' நீடிப்பதை ஒரு விருப்பமாக, மன உறுதியாக அவர் அறிவிக்கிறார். ஊரற்றவளின் புலம்பல் இங்கே கேட்கவில்லை. யாரோடு நிற்பது என்று முடிவெடுத்த ஒருத்தியின் குரல் கேட்கிறது.

மறு ஆண்டே ஹவானாவுக்கு அருகே ஹருகோ குன்றுகளின் சுண்ணாம்புக்கல் குகைகளில் உருவங்களைச் செதுக்கினார். படுத்துப் பதித்த தம் உடம்பின் அளவு அங்கே போய்விட்டது. பருத்த தொடையும் பிளந்த யோனியும் பாறையின் வளைவையே பின்பற்றுகின்றன. பெயர்களோ அத்தபே, குவாபன்செஷ், இத்திபா கஹுபாபா: ஸ்பானியக் குடியேற்றம் சிதைத்த தைனோ மக்களின் பெண் தெய்வங்கள். படங்களை ஒளிச் செதுக்கச்சுகளாக்கி நூலாக்கவும் எண்ணினார், அது முடியவில்லை. வீடு தேடிவந்த மகள் தன் குடும்பத்தின் கியூபாவைப் பாறையில் எழுதவில்லை. அந்தக் கியூபாவுக்கு முந்தையதை எழுதினாள். ஸ்பானிய வழிவந்த வசதியான குடும்பத்துப் பெண்ணுக்கு அப்பெயர்களை எடுத்தாள உரிமை உண்டா என்ற கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆனால் அக்கேள்வியை எழுப்பவே, அவர் ஓரிடத்தில் உரிமை கோரினார் என்று முதலில் ஏற்க வேண்டியிருக்கிறது. எங்கும் சேராதவளிடம் அதைக் கேட்க முடியாது.

என் வாசிப்புக்கு அடங்காத படைப்பும் ஒன்று உண்டு. அதே 1981இல், புளோரிடாவின் கீ பிஸ்கேன் கரையோர நீரில், மணல் மேடுகளால் ஒரு பெண் கோட்டுருவை அமைத்து ஒளிநாடாவில் பதிந்தார். கியூபாவில் வழங்கும் சான்டெரியா சமயத்தின் ஆற்றுத் தெய்வமான ஒச்சூனின் பெயரே அதன் தலைப்பு. உருவின் இரு முனைகளும் மூடப்படவில்லை. அலை உள்ளே புகுந்து வெளியேறுகிறது. கியூபாவை நோக்கிய அந்தத் திறப்பை ஏக்கமென்று வாசித்தால் பிளாக்கர் சொல்வதே சரி. ஹருகோவில் செதுக்கிய கைக்கு இன்னொரு கரையில் கிடைத்த வடிவம் என்று வாசிக்கவும் இடமுண்டு. இரண்டாவதன் பக்கம் நான் சாய்கிறேன்; அதற்குமேல் அழுத்திச் சொல்லும் வலு ஓராண்டுக்குள் அமைந்த இவ்விரு படைப்புகளிலிருந்து மட்டும் கிடைத்துவிடாது.