விறைப்பூசியும் தாய்ப்பாலும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

பல் வைத்தியத்திற் கையாளப்படும் விறைப்பு மருந்துகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்தம் பெயர்வரிசையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அது அந்தீஸ் மலைகளிலிருந்து தொடங்கப்படல் வேண்டும் என்பது எமது கருத்து. பொற்றோசி வெள்ளிச் சுரங்கங்களிற் பசியையும் களைப்பையும் தாங்கும் பொருட்டுச் சுதேசித் தொழிலாளர் மென்ற கொக்கா இலையிலிருந்தே 1860இல் ஜேர்மனியரான அல்பேட் நீமன் கொக்கெயினைப் பிரித்தெடுத்தார். 1884இல் வியன்னாவிற் கார்ல் கொல்லர் அதனைக் கண்சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். நியூயோர்க்கில் அதனை நரம்பருகே ஏற்றிப் பரிசோதித்த ஹால்ஸ்ரெட் அதற்கே அடிமையானார். 1905இல் நோவொகெயின் பாவனைக்கு வந்தது. சுவீடனில் லொவ்கிரென் 1943இல் ஆக்கிய லிக்னோகெயின் 1948இற் சந்தையை அடைந்தது.

இவ்வரலாற்றில் நெடுங்காலம் இடம்பெறாதவள் பாலூட்டும் தாய். மருந்துப் பரிசோதனைகளிலிருந்து அவள் விலக்கப்பட்டாள். அவ்விலக்கினால் விளைந்த அறியாமையே பின்னர் எச்சரிக்கையாக அவள்மீது சுமத்தப்பட்டது. 'போதிய தகவல் இல்லை' என்னும் வாசகம் நிறுவனத்தை வழக்கிலிருந்து காத்தது; தாய்க்கோ பாலைக் கறந்து கொட்டுவது அல்லது வலியைப் பொறுப்பது என்னும் இரண்டையே விட்டுவைத்தது. கூலிவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு முன்னையது பெரும்பாலும் பால்மாப் பேணியையே குறித்தது. பால்மா விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச விதிக்கோவை 1981இலேயே நிறைவேறியது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

2001இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு ஏழு தாய்மாரின் பாலை அளந்தது. அவர்களுக்கு 3.6 முதல் 7.2 மில்லிலீற்றர் வரை, அதாவது 72 முதல் 144 மில்லிகிராம் லிக்னோகெயின் ஏற்றப்பட்டது. மூன்று மணித்தியாலங்களின் பின் பாலில் லீற்றருக்கு ஏறத்தாழ 120 மைக்ரோகிராமே காணப்பட்டது. ஆறு மணித்தியாலங்களில் அதிற் பாதி. ஒரு வேளைக்கு 100 மில்லிலீற்றர் அருந்தும் குழந்தைக்குச் சேர்வது 12 மைக்ரோகிராம். தாய் பெற்றதில் ஆறாயிரத்தில் ஒரு பங்குக்கு அது மேற்படாது. விழுங்கப்பட்ட லிக்னோகெயினின் பெரும்பகுதி ஈரலிலேயே சிதைவதால் குழந்தையின் குருதியை அடைவது இன்னும் குறைவு. உடன் சேர்க்கப்படும் அட்ரினலினும் குடலிற் சிதைந்துவிடும்.

ஏழு என்பது சிறுதொகைதான். ஆயினும் நாள்தோறும் உலகெங்கும் ஏற்றப்படும் ஒரு மருந்துக்கு, சந்தைக்கு வந்து 53 ஆண்டுகளின் பின்னரும் சான்று இத்தகைய சிறுதொகைகளையே நம்பியிருந்தமை யாருடைய உடலுக்கு விஞ்ஞானம் முன்னுரிமை வழங்கிற்று என்பதைக் காட்டும். குறைமாதக் குழந்தையும் நோயுற்ற குழந்தையும் வைத்தியரின் தனிக்கவனத்துக்குரியர். ஏனையோரைப் பொறுத்தவரை, தாயின் உதட்டு விறைப்பு நீங்குமுன்பே பாலூட்டுவதற்கும் தடையில்லை.