குடியிருப்பு மண்டல விதிகள் (புதுச்சேரி – தமிழ்நாடு)

ஒரு மனையில் என்ன வகையான வீடு கட்டலாம், எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை குடும்பம் இருக்கலாம், சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று சொல்லும் சட்ட ஏற்பாடு குடியிருப்பு மண்டல விதி எனப்படும். நிலப் பயன்பாட்டு வரைபடம், தளப்பரப்புக் குறியீடு, சாலை அகலம், மனையின் அளவு, சுற்று இடைவெளி ஆகியவை இதன் உறுப்புகள். புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் இவ்விதிகள் 1970-கள் முதல் இறுகியும் தளர்ந்தும் வந்துள்ளன. தளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நடந்தது: முதலில் வீடு எழும்பியது, பிறகுதான் விதி வந்து அதற்குப் பெயர் வைத்தது.

புதுச்சேரிப் பகுதியில் இப்பொருளைப் பேச பண்டசோழநல்லூர் போன்ற ஊர் ஏற்ற இடம். நெட்டப்பாக்கம் கொம்யூனை (பிரெஞ்சுக்கால உள்ளாட்சிப் பிரிவு) சேர்ந்த வேளாண் கிராமம் அது. புதுச்சேரிப் பகுதி ஒட்டுத்துணி போலப் பல துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் கிடப்பதால், இந்தப் பக்கத்து ஊர்களில் வாய்க்காலையோ சாலையையோ தாண்டினால் ஆட்சி மாறும், கட்டட விதியும் மாறும். நில அளவுகூட ஒன்றில்லை. பேச்சில் 576 சதுர அடி கொண்ட குழி, பழைய ஆவணத்தில் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ஹெக்டேர்–ஆர்–செந்தியார், சென்னையிலிருந்து மனை பார்க்க வருபவர் வாயில் 2,400 சதுர அடி கொண்ட கிரவுண்ட். அரைக் கிரவுண்டு மனை இரண்டு குழிக்குச் சற்று அதிகம்.

விதிக்கு முன்

பழைய தமிழ் ஊரில் மண்டலம் என்பது நத்தம்தான். வயல் வேறு, வீட்டுக்கான நத்தம் வேறு. நத்தத்துக்குள் யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. ஊர், சேரி என்ற பிரிவினையை எந்த அரசிதழும் வெளியிடவில்லை என்றாலும் எந்த வரைபடத்தையும்விடக் கண்டிப்பாக அது காக்கப்பட்டது. வீட்டின் வகைக்கு மட்டும் தடை குறைவு. கூரை வீடு, ஓட்டு வீடு, மெத்தை வீடு என்று கைக்கு ஏற்றபடி கட்டிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் நடுவில் ஒரு சுவர், இரண்டு அடுப்பு. ஒரு வீடு இரண்டாகிவிடும். பட்டணத்தில் இதற்கு ஒண்டுக்குடித்தனம், போர்ஷன் என்று பெயர்.

புதுச்சேரி நகரத்தின் கட்டத் தெருக்கள் 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர் வரைந்த திட்டத்திலிருந்து வந்தவை. 1761-ல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தள்ள, 1765 முதல் பிரெஞ்சுக்காரர் அதே அடித்தளத்தின் மேல் திரும்பக் கட்டினர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. மேற்கே வைசியாள் வீதி போன்ற தெருக்களில் வீடுகள் திண்ணையும் தாழ்வாரமுமாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். இன்றைய விதியின் பக்க இடைவெளியைக் கறாராகக் கேட்டால் அந்தத் தெருவே சட்டவிரோதமாகிவிடும். சென்னையில் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பகுதிகளுக்கும் இதே சிக்கல் இருந்ததால், அங்கே ‘தொடர் கட்டடப் பகுதி’ என்று தனியாக வகுத்துப் பக்க இடைவெளி இல்லாமல் கட்ட அனுமதித்தார்கள். இருப்பதை ஏற்றுக்கொண்ட விதிகளில் முந்தியவற்றுள் அது ஒன்று.

கிராமப் பக்கம் ஆட்சி அமைப்பு 1880 மார்ச் 12 ஆணையால் வந்தது. அன்று புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கே கொம்யூன்கள். 1907-ல் அவை எட்டாகப் பிரிந்தபோதுதான் நெட்டப்பாக்கம் தனிக் கொம்யூன் ஆனது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த எதுவார் குபேர் அணியினர் தற்காலிக அரசை நிறுவியதும் இந்த நெட்டப்பாக்கத்தில்தான். அவ்வாண்டு அக்டோபர் 18-ல் கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். ஆட்சி கைமாறினாலும் எல்லைக்கோடுகள் அப்படியே நின்றன. இரு பக்கமும் இரு வேறு திட்டச் சட்டங்கள் வளர்ந்தது அதனால்தான்.

மண்டலம் வந்த விதம்

நகரை மண்டலங்களாக வெட்டும் எண்ணம் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1891-ல் நடைமுறைக்கு வந்து, 1916-ல் நியூயார்க் விதியாக உலகறிந்தது. அமெரிக்காவில் அது விரைவில் ‘ஒரு மனைக்கு ஒரே குடும்பம்’ என்ற வேலியாயிற்று. மதராஸுக்கு வந்த சிந்தனை வேறு. 1915-ல் இங்கே கண்காட்சி நடத்திய நகரமைப்பாளர் பேட்ரிக் கெடிஸ், பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல் தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் முறையைப் பரிந்துரைத்தவர். 1920-ல் வந்த மதராஸ் நகரமைப்புச் சட்டம் அவர் காட்டிய நிதானத்தை எடுத்துக்கொள்ளவில்லை. பகுதி பகுதியாகத் திட்டம் போடும் இயந்திரமாகவே அது இயங்கிற்று.

அச்சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971 வந்தது. புதுச்சேரி இதில் முந்திக்கொண்டது: அதன் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1969-ஐச் சேர்ந்தது, கட்டட துணைவிதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும் 1972-ஐச் சேர்ந்தவை. வரைபட அனுமதி தரும் நகர அமைப்புக் குழுமத்தை ஊரில் ‘பி.பி.ஏ.’ என்றால்தான் தெரியும்.

சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1970-களின் நடுவில் நடைமுறைக்கு வந்தது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு என்று வீட்டு நிலத்தை அது இரண்டாகப் பிரித்தது. முன்னதில் வீடும் அதைச் சார்ந்த சிறு பயன்பாடுகளும், பின்னதில் கடையும் சிறு தொழிலும் கலந்து இருக்கலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் பாணியில் ‘தனி வீடு மட்டும்’ என்ற மண்டலம் இங்கே இல்லை. கட்டுப்பாடு வேறு வழியில் வந்தது. தளப்பரப்புக் குறியீடு பெரும்பாலும் 1.5. அதாவது முப்பதுக்கு நாற்பது என்ற 1,200 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்ந்து 1,800 சதுர அடிதான். அதிலும் முன்னும் பின்னும் பக்கமும் இடம் விட்டு, வண்டிக்கு இடம் காட்டி, சாலை அகலத்தையும் நிறைவு செய்ய வேண்டும். காகிதத்தில் தடையே இல்லை. இரண்டு மகன்களுக்குத் தனித்தனித் தளம் கட்ட நினைக்கும் வீட்டுக்காரருக்குத் தடையைத் தவிர வேறில்லை. அவர் மேலே ஒரு தளம் அதிகமாகக் கட்டிக்கொண்டார்.

2008 செப்டம்பரில் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் கட்டடங்களைச் சாதாரணம், சிறப்பு, தொகுப்பு, பலமாடி என்று வகுத்தது. இரண்டு தளத்துக்கு மேலோ ஆறு வீட்டுக்கு மேலோ போனால் ‘சிறப்புக் கட்டடம்’, விதி கடுமையாயிற்று. ஏழாவது சமையலறை எழும்பியதும் கட்டடத்தின் குணமே மாறிவிடுகிறது என்ற இந்தக் கணக்கின் நியாயம் எனக்குப் பிடிபட்டதில்லை.

வரன்முறை

விதிக்கும் வீட்டுக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்ப அரசுகள் கண்டுபிடித்த சொல் ‘வரன்முறை’. தமிழ்நாடு 1998-ல் தன் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்து, 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்களித்தது. ஒரே முறை என்பதால் உச்ச நீதிமன்றம் 2000-ல் அதை ஏற்றது. ஒரே முறை என்பது பலமுறை ஆயிற்று. நீட்டிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் செல்லாது என்றது. பின்னர் 113-சி வந்து 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றைச் சேர்த்துக்கொண்டது.

மனைப்பிரிவுகளின் கதை இன்னும் கிராமத்துக்கு நெருக்கம். நஞ்சையை வாங்கி, வரப்பை அழித்து, கல் நட்டு, செம்மண் கொட்டினால் லேஅவுட். விளம்பரத்தில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று போடுவார்கள். மனைப்பிரிவுக்கு அந்த அனுமதி போதாது என்பது மனை வாங்கியவருக்கு வங்கிக் கடன் கேட்கப்போகும் நாளில்தான் தெரியவரும். 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியது. மாநிலம் முழுதும் சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. 2017 மே 4-ல் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகள் கட்டணம் செலுத்திச் சட்டத்துக்குள் நுழையலாம் என்று அவை அனுமதித்தன. புதுச்சேரியும் தன் பங்குக்கு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் இதன் எடை அதிகம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய மண் இது. இங்கே வீட்டு மண்டலம் விரிவதென்றால் ஏரிப் பாசன வயல் சுருங்க வேண்டும்.

தளர்வு

இதுவரை நடந்தவற்றில் பெரிய திருத்தம் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019. சென்னைக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு 1997-ஆம் ஆண்டு விதி ஒன்று எனக் கிடந்தவற்றை அது ஒன்றாக்கியது. குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. மேலே சொன்ன 1,200 சதுர அடி மனையில் 1,800 என்பது 2,400 ஆகிறது. அப்பா கீழே, மகன் மாடியில், அதற்கு மேல் வாடகைக்கு ஒரு வீடு என்பது முதன்முறையாகக் கணக்குக்குள் அடங்கியது. ‘சாதாரணம், சிறப்பு’ வகைப்பாடு போய், உயரமற்றது, உயரமானது என்ற இரண்டே மிஞ்சின. பிரிக்கும் கோடு 15.25 மீட்டரிலிருந்து 18.30 மீட்டருக்கு ஏறியது. உயர்மாடிகளுக்குக் குறியீடு 3.25. அதற்கு மேலும் வேண்டுமானால் சாலை அகலத்துக்கேற்ப 30 முதல் 50 விழுக்காடு வரை பணம் கட்டி வாங்கலாம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கு நலிந்த பிரிவினருக்கு என்பதும் விதியில் உண்டு.

2024-ல் இரண்டு படிகள். 750 சதுர மீட்டருக்குள் எட்டு வீடு வரையிலான குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்று வேண்டாம் என்றானது. முன்பு அந்த வரம்பு மூன்று வீடு. ஜூலையில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோர் தாமே சான்றளித்து இணையவழியில் உடனடி அனுமதி பெறும் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரம் 2018-ல் ஏற்ற திட்டத்தாலும் ஒரேகன் மாநிலம் 2019-ல் இயற்றிய சட்டத்தாலும் ‘ஒரு மனைக்கு ஒரு வீடு’ முறையைக் கைவிட்டது இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான். அங்கே இரண்டு மூன்று குடும்பம் ஒரே மனையில் இருப்பதைப் புதிதாக அனுமதித்தார்கள். இங்கே அப்படி இருந்தவர்களுக்கு அலையும் வேலை குறைந்தது.

புதுச்சேரி தன் 1972 விதிகளின் இடத்தில் 2012-ல் புதிய கட்டட துணைவிதிகளையும் மண்டல ஒழுங்குமுறைகளையும் வைத்தது. தளப்பரப்புக் குறியீட்டுக்கு அங்கே வழங்கும் சொல் எஃப்.எஸ்.ஐ. அல்ல, எஃப்.ஏ.ஆர்.; பொருள் ஒன்றுதான். 2036-ஐ இலக்காகக் கொண்ட முழுமை வளர்ச்சித் திட்டத்துக்கு வரைவும் தயாரானது. கிராமங்களில் ஏழைகளின் வீட்டு வகையை மாற்றியது மண்டல விதியைவிட, எல்.ஜி.ஆர். பட்டா என்று வழங்கும் இலவச மனைப்பட்டாவும் காமராஜர் பெயரிலான கல்வீடு கட்டும் திட்டமும்தான். கூரை போய்க் கல்வீடு வந்தது. ஆனால் மனை சிறியது. அடுத்த தலைமுறைக்கு மாடி எழுப்ப அஸ்திவாரம் தாங்குமா, இடைவெளி போதுமா என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குப் புதுச்சேரியில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. தேர்தல் மட்டும் அபூர்வம். 1968-க்குப் பிறகு 2006-ல் ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-ல் முடிந்தது. அதற்குப் பின் வந்த நிலப் பயன்பாட்டு வரைவுகள் பண்டசோழநல்லூர் உட்பட எந்த ஊரிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. தன் வயல் வேளாண் மண்டலமா, வீட்டு மண்டலமா என்பதில் ஆட்சேபம் உள்ளவர் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறி மனு கொடுக்கிறார்.