ஹோப்ளிப் பள்ளி: இடம் தந்தவர் யார்?

மைசூர் நாட்டுக் கல்வி வரலாற்றை எழுதுவோர் 1868-ஆம் ஆண்டின் ஹோப்ளிப் பள்ளித் திட்டத்தைப் பெரும்பாலும் சில வரிகளில் கடந்துவிடுகின்றனர். எனக்கோ அதன் ஒரு நிபந்தனை நெடுநாளாக உறுத்துகிறது. ஆசிரியரின் சம்பளம் அரசின் பொறுப்பு. பள்ளிக்கூடத்துக்குரிய இடம் ஊராரின் பொறுப்பு.

திட்டத்தை முன்வைத்தவர் பி. எல். ரைஸ். 1837-இல் பெங்களூரில் ஒரு மிஷன் போதகரின் மகனாகப் பிறந்து, பள்ளி ஆய்வாளராகி, பின்னர் பொதுக்கல்வி இயக்குநராக உயர்ந்தவர். ஹோப்ளி என்பது நம் பிர்க்காவுக்கு நிகரான வருவாய்ப் பிரிவு. ஒவ்வொன்றிலும் ஒரு தாய்மொழிப் பள்ளி அமைய வேண்டும் என்பதே நோக்கம்.

அதற்கு முன் ஊர்களில் இருந்தவை கூலி மடங்கள். நம் திண்ணைப் பள்ளிகளுக்கு உடன்பிறப்புகள். பிள்ளைகளின் வீட்டார் தரும் கூலியே ஆசிரியரின் வருவாய் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தமக்கெனக் கட்டடம் உடையவை அரிது. ஆசிரியர் வீட்டுத் திண்ணை, கோயில் மண்டபம், சாவடி என்று கிடைத்த நிழலில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினர்.

ஆகவே 'ஊரார் இடம் தரட்டும்' என்று அரசு சொன்னபோது, பல ஊர்களில் அவர்கள் எளிதில் தரக்கூடியதும் இதே மண்டபமும் சாவடியுமாகவே இருந்திருக்கும். 'ஊரார்' என்ற சொல்லில் சேரியும் அடங்குமா? மண்டபத்துள் காலடி வைக்க உரிமையற்றவரின் பிள்ளை, அங்கு நடக்கும் அரசுப் பள்ளிக்குள் எவ்வாறு நுழைவான்? எவரையும் விலக்குவதாக விதியில் ஒரு சொல்லும் தேவையில்லை. வாசற்படியே அவ்வேலையைச் செய்துவிடும். 1894-இல் ஆல்காட் சென்னை அடையாற்றில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கெனத் தனிப் பள்ளி தொடங்க நேர்ந்ததையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இடத்தின் உரிமையைப் பேசாமல் சேர்க்கை எண்ணிக்கையை மட்டும் பேசும் கல்வி வரலாறு, என் கருத்தில், பாதி வரலாறே.

சான்றுகளில் உள்ள சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அரசு கொடுத்த சம்பளம் அரசுக் கணக்கில் ஏறியது. ஊர் கொடுத்த சுவரும் கூரையும் எந்தக் கணக்கில் ஏறும்? நிலப் பதிவேடுகளையும் பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் ஊர் ஊராகப் புரட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பள்ளிகளைப் பார்வையிட ஊர் ஊராகச் சுற்றியபோதுதான் ரைஸ் கல்வெட்டுகளின் மீது நாட்டம் கொண்டார். கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதி வரிசை அதன் விளைவு. தொம்மலூர், மடிவாளக் கோயில்களின் தமிழ்க் கல்வெட்டுகளைத் தேடும் நாம் இன்றும் அவருடைய பெங்களூர்த் தொகுதியைத்தான் முதலில் திறக்கிறோம். ஒவ்வொரு கல்லும் எந்த ஊரில், எங்கே நின்றது என்று அதில் குறிப்பு உண்டு. அவர் ஆய்வு செய்யச் சென்ற பள்ளிகள் எந்தச் சுவர்களுக்குள் நடந்தன என்பதற்கு அப்படியொரு தொகுதி இல்லை.