துண்டும் லயமும்: திருச்சிராப்பள்ளியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு

1904இல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் தொழிலாளர் ஆணையகம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பெற்றது. இம்மாவட்டத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் கங்காணிகள் அழைத்துச் சென்ற தொழிலாளரின் அன்றாட வாழ்வைக் கடனே வரையறுத்தது என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

பயணச் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பெற்றன. கடனைத் தீர்ப்பவரிடம் அவரை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதித்தரும் 'துண்டு' இன்றி வேறு தோட்டத்திற்கு மாறுதல் அரிது. லயத்தின் ஓர் அறையே குடும்பத்தின் வீடு. விடியற்காலைப் பெரட்டில் பெயர் பதிந்தால்தான் அன்றைய வேலை. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை கூலியில் கழிக்கப்பெற்றது. இவ்வொழுங்கிற்குள்ளேயே மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. காமன் கூத்து ஆடப்பெற்றது. விட்டுவந்த ஊரின் வழக்கங்கள் மலையின் வழக்கங்களாயின.

1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பெற்றது. எனினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அம்மண்ணிலேயே பிறந்தோரிலும் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. அவ்வாறு வந்தோருள் ஒரு பகுதியினர் திருச்சிராப்பள்ளியின் கொட்டப்பட்டு முகாமில் தங்கவைக்கப்பெற்றனர். பலருக்கு அது தாம் முன்பு கண்டிராத 'தாயகம்'. எனவே, இக்குடியேற்றத்தை உழைப்பின் வரலாறாக மட்டுமன்றி, தங்குவதையும் பெயர்வதையும் முடிவுசெய்த ஆவணங்களின் வரலாறாகவும் ஆராய்தல் வேண்டும்.