அறையின் வெப்பமும் அதை ஆளும் கையும்

குளிர் மிகுந்த நாடுகளில், உணவும் உடையும் எவ்வளவு இன்றியமையாதவையோ, வீட்டினுள் நிலவும் வெதுவெதுப்பும் அவ்வளவு இன்றியமையாதது. அதை அளவோடு நிறுத்திவைக்கும் சிறு கருவிக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். இன்று அக்கருவியை, விளக்கு, கதவுப்பூட்டு முதலியவற்றோடு சேர்த்து, கைப்பேசியிலுள்ள ஒரே செயலியின் வழியாக எங்கிருந்தும் இயக்கலாம். இந்நிலையை அது அடைந்த வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்லப் புகும்போது, என் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. அறையின் வெப்பத்தை ஆள வேண்டியது யாருடைய கை?

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹாலந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கார்னீலிஸ் டிரெபெல் என்பவர், தன் சூட்டைத் தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பு ஒன்றை அமைத்தார். சூடு ஏறினால் குழாயிலுள்ள சாராயம் விரிந்து பாதரசத்தை உயர்த்தும், அது காற்று வழியை மூடும், தீ தணியும். சூடு குறைந்தால் வழி மீண்டும் திறக்கும். முட்டை பொரிக்கும் பெட்டிக்கும் அவர் இம்முறையையே கையாண்டார். 1830இல் ஸ்காட்லாந்து வேதியியலறிஞர் ஆண்ட்ரூ யூர், இரு வேறு உலோகத் தகடுகளை ஒட்டிப் புதுக் கருவி கண்டார். வெப்பத்தில் ஒன்று மிகுதியாகவும் மற்றொன்று குறைவாகவும் நீள்வதால் தகடு வளையும். அந்த வளைவே சூட்டை அடக்கும். தெர்மோஸ்டாட் என்னும் பெயரைச் சூட்டியவரும் அவரே.

அடுத்த படி ஒரு பள்ளிக்கூடத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், வைட்வாட்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அங்கே அறைகளின் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ நிலவறையில் இருந்த பணியாளால்தான் முடியும். அவர் வகுப்புதோறும் நுழைந்து பார்த்துச் செல்வார்; பாடம் தடைப்படும். ஜான்சன், வகுப்பறையின் வெப்பம் மாறியதும் நிலவறையில் மணி ஒலிக்கும்படி ஒரு மின்கருவி அமைத்து, 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல், காற்றழுத்தத்தின் துணையால் ஒவ்வோர் அறையும் தன் வெப்பத்தைத் தானே சீர்செய்யும் முறைக்கும் உரிமை பெற்றார். நிலவறையில் இருந்த அதிகாரம் அறைக்கே வந்து சேர்ந்தது என்று இதனை நான் கருதுகிறேன்.

1953இல் ஹனிவெல் நிறுவனம் வட்ட வடிவான கருவியை வெளியிட்டது. வீட்டிலுள்ளோர் எவரும் அதைத் திருகலாம். 1977இல் கடுங்குளிரும் எரிவாயுத் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தபோது, குடியரசுத் தலைவர் கார்ட்டர், பகலில் 65 பாரன்ஹீட் பாகையிலும் இரவில் 55 பாகையிலும் வைத்துக்கொள்ளுமாறு மக்களை வேண்டினார். அவர் வேண்டத்தான் முடிந்தது. திருகும் கை மக்களுடையதாக இருந்தது.

2011இல் நெஸ்ட் என்னும் கருவி வந்தது. வீட்டாரின் பழக்கத்தைத் தானே கற்று வெப்பத்தை அமைத்துக்கொள்வது அதன் சிறப்பு. வீட்டில் எவரும் இல்லாதபோது எரிபொருளை மிச்சப்படுத்துவதும், வீடு திரும்புமுன் வழியிலிருந்தே அறையைச் சூடாக்குவதும் சிறு நன்மைகள் அல்ல. ஆயினும், வெளியிலிருந்து செயலியில் நாம் இடும் கட்டளை நேரே சுவருக்குப் போவதில்லை. தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியைத் தொட்டே திரும்புகின்றது.

இதன் விளைவை இரு நிகழ்ச்சிகள் காட்டின. 2021 ஜூனில், டெக்சாஸ் மாநிலத்தில் வெயிலால் மின்தேவை பெருகியபோது, மின்சேமிப்புத் திட்டமொன்றில் சேர்ந்திருந்த வீடுகளில், குளிர்சாதனத்தின் அளவு தொலைவிலிருந்தே உயர்த்தப்பட்டது. புழுக்கத்தில் விழித்த பிறகே சிலர் அதனை அறிந்தனர். முன்பு கார்ட்டர் வேண்டிக் கேட்டதை இப்போது கருவி செய்து முடித்துவிட்டது. பின்னர், 2025 அக்டோபர் 25 முதல், நெஸ்டின் முதலிரு தலைமுறைக் கருவிகளுக்குச் செயலியோடு இருந்த தொடர்பை அதன் உரிமையாளரான கூகுள் நிறுவனம் நிறுத்தியது. சுவரில் உள்ள வளையத்தைத் திருகினால் மட்டும் அவை பணிந்தன.

வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று பேசுவதற்கென, மேட்டர் என்னும் பொது நெறிமுறை 2022இல் வெளியாயிற்று. இது வரவேற்கத்தக்கது. நாளை பொறியியல் பயின்று இத்தகைய கருவிகளை அமைக்கப்போகும் மாணவர்களே! மின்சாரத்தை மிச்சப்படுத்துவது பொதுக் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் அறையில் நடுங்குகிறவனும் வியர்க்கிறவனும் அங்கே இருக்கும் மனிதன். அவன் எழுந்து சென்று தொடுவதற்கு, தொலைவிலிருந்து எவரும் பறிக்க இயலாத ஒரு திருகினைச் சுவரில் விட்டுவையுங்கள்.