ஒரு சாப்பாட்டு ஜெபத்தின் பயணம்

‘நூன் டாங்கெட் அல்லெ கொட்’ (எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்) என்ற ஜெர்மானிய ஞானப்பாட்டைக் கேட்டால் பேராலயமும் பெரிய ஆர்கனும்தான் நினைவுக்கு வரும். எழுதியவரோ அதைச் சாப்பாட்டு மேசைக்குரிய சின்ன ஜெபமாகத்தான் எழுதி வைத்தார்.

அவர் பெயர் மார்ட்டின் ரிங்கார்ட். சாக்சனியில் எய்லன்பர்க் என்ற ஊர். அப்பாவுக்குப் பீப்பாய் செய்யும் தொழில். 1617இல் சொந்த ஊருக்கே குருவாக வந்தார். மறு வருஷமே முப்பதாண்டுப் போர் மூண்டது. அது முடிந்தது 1648இல். அவர் இறந்தது 1649இல். அங்கே அவர் ஊழியம் செய்த காலம் ஏறக்குறைய முழுவதையும் போரே விழுங்கிவிட்டது.

எய்லன்பர்க் மதில் சூழ்ந்த ஊர். அதனால் சுற்றுப்பட்டுச் சனங்களெல்லாம் உள்ளே வந்து அடைந்தார்கள். 1637இல் கொள்ளைநோயும் உள்ளே வந்தது. மற்ற குருமார் செத்தும் ஊரைவிட்டுப் போயும் தீர, ரிங்கார்ட் தனியாளாக நின்றார். நாளொன்றுக்கு 40, 50 அடக்கங்கள். 4,000 பேருக்கு மேல் அவர் கையால் மண் போட்டார் என்பார்கள். மே மாதத்தில் அவர் மனைவியும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு எழுதிய நன்றிப் பாட்டு என்றுதான் பிரசங்கங்களில் சொல்வார்கள். காலக்கணக்கு அப்படியில்லை. பாட்டு வெளிவந்த ஜெபப் புத்தகத்துக்கு 1636 என்றே வருஷம் சொல்லப்படுகிறது. நோய் வந்தது அதற்குப் பிறகு. எனக்கு இந்த உண்மைக் கதைதான் கனமாகப் படுகிறது. துக்கத்தில் எழுதுவது ஒன்று. முன்னமே எழுதிவிட்ட நன்றியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் புதைப்பது வேறு.

இத்தனை சாவையும் நடக்க விட்ட கடவுள் துதிக்குத் தகுதியானவர்தானா? 13ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்குவினாஸ் இதைச் சுற்றி வந்திருக்கிறார். கடவுளுக்கு நம் துதியால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. துதிக்கிறவனின் மனம் மேலே எழும்பத்தான் துதி என்பது அவர் பதில். நல்ல பதில்தான், ஆனால் கேள்வியைப் பாதி தாண்டிப் போய்விடுகிறது. பாடுகிறவனுக்கு நன்மை என்பதால் மட்டும், பாடப்படுகிறவர் தகுதியுள்ளவர் ஆகிவிடுவாரா? ரிங்கார்ட் வாதாடவேயில்லை. தாயின் கருவிலிருந்து காத்தவருக்கு நன்றி சொல்கிறார், அடுத்த சரணத்தில் சமாதானம் கேட்கிறார், மூன்றாவதில் திரியேகருக்குத் தோத்திரம். போரைப் பற்றியோ எதிரியைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

1647இல், ரிங்கார்ட் உயிரோடிருக்கும்போதே, பெர்லினில் யோஹான் க்ரூகர் தொகுத்த பாட்டுப் புத்தகத்தில் இன்று பாடும் ராகத்தோடு அது ஏறியது. பாட்டுக்குக் கால் முளைத்துவிட்டது. பாஹ் எடுத்தாண்டார், 1840இல் மெண்டல்சன் தம் இரண்டாம் சிம்பொனியில் சேர்த்தார், 1858இல் கேத்தரின் விங்க்வொர்த் ஆங்கிலத்தில் தந்தார்.

இடையில் அது போர்க்களத்துக்கும் போயிற்று. 1757 டிசம்பர் 5, சிலேசியாவில் லாய்த்தன். தன்னைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரிய ஆஸ்திரியப் படையைப் பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் முறியடித்தார். இரவில் ஒரு சிப்பாய் இந்தப் பாட்டை எடுக்க, படையே சேர்ந்து பாடியதாம். பிரெடெரிக்குக்குப் பக்தி அவ்வளவாகக் கிடையாது. பாட்டு மட்டும் ‘லாய்த்தன் கீதம்’ ஆகிவிட்டது. தோற்றவர்களும் அதே கடவுளைக் கும்பிடுகிறவர்கள்தாம். சோற்றுக்குச் சொன்ன நன்றி, அடுத்தவன் தோல்விக்குச் சொல்லும் நன்றியாக மாறிய இடம் இது. கடவுளின் தகுதியைக் கேட்பதற்கு முன் பாடுகிறவனின் தகுதியைக் கேட்க வேண்டியிருக்கிறது. 1914 ஆகஸ்டு 1 அன்று, படை திரட்டல் அறிவிப்பு வந்ததும் பெர்லின் அரண்மனை முன் திரண்ட கூட்டமும் இதையே பாடியது. அது வெற்றிகூட இல்லை, முதல் உலகப் போரின் வெறும் தொடக்கம்.

1955இல் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அடனாவர் மாஸ்கோ போய்ப் பேசியதன் பலனாக, சோவியத் முகாம்களில் மிஞ்சியிருந்த ஏறக்குறைய 10,000 ஜெர்மானியப் போர்க் கைதிகள் ஊர் திரும்பினார்கள். ஃப்ரீட்லாந்து வரவேற்பு முகாமில் இறங்கியவர்கள் இதைத்தான் பாடினார்கள். எதிரே, காணாமல் போன மகன்களின் பெயரும் படமும் ஒட்டிய அட்டைகளைப் பிடித்தபடி பெண்கள் நின்றார்கள். ரிங்கார்டின் எய்லன்பர்க் மனநிலைக்குக் கிட்டத்தில் பாட்டு மறுபடி வந்தது இங்கேதான் என்பேன்.

இப்போது ஜெர்மானியப் புராட்டஸ்டண்டுப் பாட்டுப் புத்தகத்தில் இதன் எண் 321. கத்தோலிக்கரின் புத்தகத்திலும் இருக்கிறது, எண் 405. முதல் இரண்டு சரணங்களுக்கு ரிங்கார்ட் எடுத்தாண்ட ‘சீராக்கின் ஞானம்’ கத்தோலிக்கருக்கு வேதம். அவருடைய லூத்தரன் சபைக்கோ வாசிக்கத்தக்க நூல், அவ்வளவுதான்.